17 துளைகளில் ஒரு கோலம்

அத்தைக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து எங்கள் வாசலில் கோலம் நான்தான் போடுகிறேன். 31 வருஷம் கரும்பலகையில் வட்டமும் முக்கோணமும் போட்ட கை என்னுடையது. ஆனால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவு சீராக இறங்குவது வேறு வித்தை. என் மாமியாருக்கு அது மூச்சு விடுவது மாதிரி. இப்போது ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து நான் போடுவதைப் பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார்.

அவருடைய கோல நோட்டிலிருந்து ஒரு சிக்குக் கோலத்தை மரத்தில் அறுத்துக் கொடுக்கவேண்டும் என்று போன மார்கழியில் தோன்றியது. முடித்தது பங்குனியில். ஸ்க்ரோல் சா வாங்கலாமா டீச்சர் என்று பழைய மாணவர்கள் இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்து, இதில் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

ஸ்க்ரோல் சா எப்படி இருக்கும் என்று கேட்டால், தையல் மெஷினை நினைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஊசி இருக்கும் இடத்தில் மெல்லிய ரம்பப் பிளேடு. ஊசி நின்ற இடத்தில் மேலும் கீழும் ஆட, துணியை நாம் திருப்புவோம் அல்லவா? இங்கே துணிக்குப் பதில் மரம். ஆசாரிகள் கையில் பிடித்து மரத்தின் மேல் ஓட்டும் ஜிக்சா வேறு, இது வேறு. பிளேடு 5 அங்குல நீளம். அகலம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அவ்வளவு ஒல்லியாக இருப்பதால்தான் கூரான வளைவிலும் திரும்புகிறது. எத்தனையோ வருஷம் ரவிக்கை தைத்த பழக்கம் எனக்கு இதில் நேரடியாக உதவியது. வளைவு வரும்போது கை தானாக வேகத்தைக் குறைக்கிறது.

2021-இல் ரிட்டயர் ஆன பணத்தில் ஒரு மெஷின் வாங்கினேன். அது பின் வைத்த பிளேடு மட்டுமே போடக்கூடியது. அதாவது பிளேடின் இரண்டு முனையிலும் குறுக்கே ஒரு சின்னக் கம்பி இருக்கும். அதை மெஷினின் கொக்கியில் மாட்ட வேண்டும். மாட்டுவது சுலபம். ஆனால் மரத்துக்கு உள்ளே ஒரு துளையை அறுக்க வேண்டுமென்றால், முதலில் டிரில் போட்டு அந்த ஓட்டை வழியாகப் பிளேடை நுழைக்க வேண்டும். பின் நுழைய 5 மி.மீ. ஓட்டை தேவைப்பட்டது. சின்ன வேலைப்பாடுகளில் அந்த ஓட்டையே வடிவத்தைத் தின்றுவிடும். வாங்கும்போது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு வருஷத்தில் அதை விற்றுவிட்டு, பின் இல்லாத பிளேடைத் திருகி இறுக்கும் 16 அங்குல மெஷின் எடுத்தேன். இப்போது 1.5 மி.மீ. ஓட்டை போதும். வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: பின் இல்லாத பிளேடு போடலாமா? நிறமும் கம்பெனியும் அதற்கு அப்புறம்.

16 அங்குலம் என்பது பிளேடுக்கும் மெஷினின் பின்பக்கத் தூணுக்கும் உள்ள தூரம், அதாவது 40 செ.மீ. மரத்தைச் சுற்றிச் சுற்றித் திருப்ப வேண்டும் என்பதால் அதைவிடப் பெரிய பலகையில் நினைத்தபடி வேலை செய்ய முடியாது. பேத்திக்காகத் தமிழ்நாட்டு வரைபடத்தை 38 மாவட்டத் துண்டுகளாக அறுத்தபோது இந்த அளவுக்குள்தான் அடக்கினேன். சென்னை சுண்டுவிரல் நகம் அளவுக்கு வந்தது. அது தொலையாமல் இருக்க அதற்கு மட்டும் ஒரு டப்பா.

சரி, கோலத்துக்கு வருகிறேன்.

நான் எடுத்தது நேர்ப்புள்ளி 5, ஒன்றில் முடிவது. 1, 3, 5, 3, 1 என்று 13 புள்ளிகள். இழைகள் ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிக்கொண்டு, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே வெட்டிக்கொண்டு போகும். மாவில் போடும்போது இழை என்பது கோடு. மரத்தில் இழை நிற்க வேண்டும் என்றால், இழைக்கு நடுவே உள்ள இடம் முழுவதும் விழ வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு ஓட்டை போட்டு, பிளேடைக் கழற்றி, நுழைத்து, மாட்டி அறுக்க வேண்டும். மொத்தம் எத்தனை இடம்?

நோட்டில் பென்சிலால் எண்ணத் தொடங்கினேன். ஒரு தடவை 16 வந்தது, இன்னொரு தடவை 17. அப்போதுதான், எத்தனையோ வருஷம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த ஆய்லரின் சூத்திரம் நினைவுக்கு வந்தது. முனைகள், கழித்தல் விளிம்புகள், கூட்டல் முகங்கள், விடை 2. கோலத்தில் இழைகள் வெட்டும் இடங்கள்தான் முனைகள். இதில் 16. ஒவ்வொரு வெட்டிலிருந்தும் நான்கு இழைத்துண்டுகள் கிளம்புகின்றன. ஒரு துண்டுக்கு இரண்டு முனை, ஆகவே துண்டுகள், அதாவது விளிம்புகள், 32. 16-இல் 32 போக, 2 வரவேண்டுமென்றால் முகங்கள், அதாவது இழைகள் பிரிக்கும் இடங்கள், 18. அதில் ஒன்று கோலத்துக்கு வெளியே உள்ள வெட்டவெளி. மீதி 17.

எந்தச் சிக்குக் கோலமானாலும், அது பிரிந்து நிற்காமல் ஒன்றாக இணைந்திருந்தால், வெட்டும் இடங்களை எண்ணி ஒன்று கூட்டினால் போதும். துளைக் கணக்கு வந்துவிடும். வகுப்பில் இதைச் சொல்ல கனசதுரத்தையும் பிரமிடையும் வரைந்தேன். வாசலில் தினமும் இருந்த கோலத்தைக் காட்டியிருக்கலாம். அது எனக்கு இன்னமும் வருத்தம்தான்.

மரம் கிடைத்த கதையையும் சொல்ல வேண்டும். முதலில் கடையில் 6 மி.மீ. பிளைவுட் வாங்கி வெட்டிப் பார்த்தேன். மேலே வழவழவென்று இருந்தது. உள்ளே நடு அடுக்கில் ஓரிடத்தில் மரமே இல்லை, வெறும் இடைவெளி. பிளேடு அங்கே போனதும் ஒரு துள்ளு துள்ளி அறுந்தது. இழையும் அதோடு போயிற்று. தஞ்சாவூரில் வீணை செய்யும் பட்டறை ஒன்றில் என் பழைய மாணவன் இருக்கிறான். அவனிடம் சும்மா பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். "வாங்க டீச்சர், பலாக் கட்டை கழிவு நிறையக் கெடக்கு. அடுப்புக்குத்தான் போகுது" என்றான். வீணையின் குடத்தைப் பலாமரத்தில்தான் குடைகிறார்கள். குடைந்து செதுக்கியது போக ஓரத்தில் துண்டுகள் விழும். கைக்கு அடக்கமான ஒரு கட்டையை எடுத்துவந்து, அறுவை மில்லில் கொடுத்து 8 மி.மீ. பலகைகளாகப் பிளந்துகொண்டேன். புதிதாக வெட்டிய பலாமரம் மஞ்சள் தூள் நிறத்தில் இருக்கும். வெளிச்சம் படப்படப் பழுப்பேறி, வீணையில் பார்க்கிறோமே அந்த நிறத்துக்கு வரும்.

பலகைகள் 16 செ.மீ. அகலம்தான் இருந்தன. கோலத்தை நேராக வைத்தால் 20 செ.மீ. வேண்டும். 45 டிகிரி திருப்பி வைத்தால் 15 செ.மீ. சதுரத்துக்குள் அழகாக அடங்குகிறது. மரம் மிச்சம் என்று திருப்பி ஒட்டி அறுத்தேன். ஒன்பதாவது துளையில் இழை பட்டென்று உடைந்தது. ஒட்டினேன். பதினொன்றாவதில் இன்னொரு இடம்.

உடைந்த துண்டுகளை விளக்கடியில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. இந்தக் கோலத்தில் இழைகள் புள்ளி வரிசைக்குக் குறுக்காக, மூலைவாட்டில் ஓடுகின்றன. நான் திருப்பி வைத்ததால் பாதி இழைகள் மரத்தின் ரேகை போகும் திசையில் நீளமாக அமைந்தன. அவை திடமாக இருந்தன. மற்ற பாதி ரேகைக்கு நேர் குறுக்கே. 7 மி.மீ. அகல இழை ரேகைக்குக் குறுக்கே வந்தால் பிஸ்கட் மாதிரி ஒடியும். புள்ளி வரிசையை ரேகையோடு சேர்த்து நேராக வைத்திருந்தால் எல்லா இழையும் 45 டிகிரியில் சாய்ந்து, பாரத்தைச் சமமாகத் தாங்கியிருக்கும். கோலத்தைத் தரையில் எப்படிப் போடுவோமோ அப்படியே மரத்திலும் வைக்க வேண்டும். இரண்டு பலகையை ஃபெவிகால் வைத்துப் பக்கவாட்டில் ஒட்டி, ஒரு ராத்திரி இறுக்கி வைத்து, மறுபடி ஆரம்பித்தேன்.

அறுக்கும் முறை இதுதான். பலகை மேல் முதலில் அகலமான பேக்கிங் டேப். அதன் மேல் கோலத்தின் ஜெராக்ஸை ஒட்டுப்பசையால் ஒட்டுகிறேன். டேப் இருந்தால் பலாவில் ஓரம் கருகுவது வெகுவாகக் குறைகிறது, கடைசியில் காகிதமும் ஒரே உரியில் வந்துவிடும். பிறகு 17 ஓட்டைகள். பிளேடு 3-ஆம் நம்பர். அடிமுனையில் சில பற்கள் மட்டும் தலைகீழாக மேல்நோக்கி இருக்கும் வகை. அது மரத்தின் அடிப்பக்கத்தில் சிலாம்பு எழாமல் காக்கும். மற்றப் பற்கள் கீழ்நோக்கி இருக்கவேண்டும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் விரல் நுனியைப் பிளேடின் மேல் கீழிருந்து மேலாக மெல்ல ஓட்டிப் பாருங்கள், தட்டினால் சரியாக மாட்டியிருக்கிறீர்கள். இறுக்கத்தை நான் காதால் பார்ப்பேன். பிளேடை நகத்தால் சுண்டினால் தம்புராவின் மேல் தந்தி மாதிரி தெளிவாக ஒலிக்க வேண்டும். தொளதொளவென்று மந்தமாக ஒலித்தால் வெட்டு அலையும்.

பிளேடு கோட்டில் நேராகப் போகவே போகாது. தகட்டிலிருந்து பற்களை வெட்டும்போது ஒரு பக்கம் மட்டும் நுண்ணிய பிசிறு நின்றுவிடுவதால், வெட்டு அந்தப் பக்கம் இழுக்கும். என் மெஷினில் வலப்பக்கம். ஆரம்பத்தில் நான் கை சரியில்லை என்று நினைத்து மரத்தோடு மல்லுக்கட்டினேன். மரத்தைச் சில டிகிரி சாய்த்துத் தள்ளிவிட்டால் போதும், கோட்டோடு ஓடுகிறது.

இந்தக் கோலத்தில் துளைகள் மூன்று நான்கு விதம். உச்சிப் புள்ளி, அடிப் புள்ளி, இரு ஓரப் புள்ளி, இந்த நான்கும் ஒரு மூலையே உள்ள நீர்த்துளி வடிவம். நடுவில் உள்ளவை நான்கு மூலை உள்ள கட்டங்கள். 17 துளைக்கும் சேர்த்து 48 மூலைகள். வேலை முழுவதும் அந்த மூலைகளில்தான் இருக்கிறது. கோட்டோடு மூலை வரை போவேன். அங்கே அப்படியே திருப்பினால் மூலை மழுங்கி உருண்டுவிடும். ஆகவே வந்த வழியே அரை அங்குலம் பின்வாங்கி, விழப்போகும் பக்கமாகக் கொஞ்சம் அறுத்து இடம் செய்து, அந்த இடத்தில் மரத்தைத் திருப்பி, இரண்டாவது கோட்டின் வழியாக வந்து அதே மூலையைத் தொடுவேன். இரண்டு வெட்டும் சந்திக்கும் கணத்தில் சத்தம் மாறும். ஒரு சின்ன உதறல், பிறகு துண்டு மேஜையில் விழும் டக்.

நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கம் வரவேண்டும். சுற்றுவெளிக் கோடு கடைசி. முதலிலேயே அதை அறுத்துவிட்டால் பிடித்துக்கொள்ளப் பலகை இருக்காது. வேகம் நிமிஷத்துக்கு 700 அடிப்புக்கு மேல் நான் போவதில்லை. தலைப்பை இடுப்பில் செருகி, முகத்துக்கு மாஸ்க் போடாமல் மெஷின் பக்கம் போவதுமில்லை. பலாத் தூள் மஞ்சளாக மூக்கில் ஏறி இரண்டு நாள் தும்ம வைத்த அனுபவம் உண்டு. மூன்று மாலைகளில் அறுத்து முடித்தேன். உப்புத்தாளைக் கீற்றாகக் கிழித்து ஒவ்வொரு துளைக்குள்ளும் விட்டுத் தேய்க்க அதைவிட அதிக நாள் ஆனது.

பின்பலகைக்குச் செங்காவி நிறம் பூசி, அதன் மேல் மஞ்சள் கோலத்தை வைத்து அத்தையிடம் கொண்டுபோனேன். மடியில் வைத்துக்கொண்டு, உச்சியில் விரலை வைத்து இழையோடு ஓட்டிப் பார்த்தார். எங்கும் எடுக்காமல் சுற்றி வந்தார். பிறகு நிமிர்ந்து, "புள்ளி எங்கம்மா?" என்றார்.

நான் நினைக்கவே இல்லை. புள்ளி இருக்கவேண்டிய இடம்தானே முதலில் விழுந்த துளை. இழையைத் தொடாமல் நடுவில் நிற்கும் புள்ளியை ஒரே மரத்தில் அறுக்க முடியாது. பின்பலகையில் தனியாகத்தான் ஒட்டவேண்டும்.

மறுபடி பட்டறைக்குப் போனேன். ஒரு வீணைக்கு 7 தந்தி, அவற்றை முறுக்க 7 பிரடை. கீறல் விட்டு ஒதுக்கிய கருமரப் பிரடைகள் இரண்டைக் கொடுத்தான். பிரடை நுனி நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும் அல்லவா, அதனால் 3 மி.மீ. வில்லைகளாக அறுத்தபோது ஒன்று போல இன்னொன்று இல்லை. 20 வில்லை தேறியது. தட்டில் போட்டு அத்தை முன்னால் வைத்தேன், கூடவே பசையும் ஒரு தீக்குச்சியும்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவற்றைப் பெரிது சிறிது என்று பிரித்தார். பெரியது ஐந்தை எடுத்து, நடு வரிசையில் முதலில் நடுவில் ஒன்று, பிறகு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு வைத்தார். அதற்கு மேலே மூன்று, கீழே மூன்று. கடைசியில் மேலே ஒன்று, கீழே ஒன்று. வாசலில் புள்ளி வைக்கும் அதே வரிசை. கை நடுங்கவில்லை.

இப்போது அது கூடத்தில், அவர் நாற்காலிக்கு எதிர்ச் சுவரில் இருக்கிறது. நேற்று நோட்டைப் புரட்டி நேர்ப்புள்ளி 7-ஐ எடுத்துக் கொடுத்தார். 36 வெட்டு, 37 துளை. 3-ஆம் நம்பர் பிளேடு இரண்டு டஜன் ஆர்டர் போட்டிருக்கிறேன்.