ஹூக் மாட்ட முடிகிறதா அம்மா?

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் கீமோ டே-கேர் வார்டில் நர்ஸாக வேலை பார்க்கும் எனக்கு, இப்போதெல்லாம் அதிகம் கவலை தருவது நோயாளிகளின் கை கால் மரத்துப்போவதுதான். வாந்தியை அடக்க நல்ல மருந்துகள் வந்துவிட்டன. கொட்டிய முடி பெரும்பாலும் முளைத்துவிடும். நரம்பு அப்படியில்லை. சிலருக்குச் சில மாதங்களில் தேறும். சிலருக்கு வருடக்கணக்கில் இழுக்கும்.

பேக்லிடாக்செல், ஆக்ஸாலிபிளாட்டின், வின்கிரிஸ்டின் எல்லாம் நாங்கள் அன்றாடம் ஏற்றும் புற்றுநோய் மருந்துகள். இவை நரம்பையும் பாதிக்கும். நீளமான நரம்புகளின் நுனிதான் முதலில் அடிபடும். அதனால் கால்விரலிலும் கைவிரலிலும் ஆரம்பித்து மேலே ஏறும். ஏற்கெனவே சர்க்கரை இருப்பவர்களுக்கு ஆபத்து கூடுதல்.

"ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்றுதான் பதில் வரும். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம். நகையை அடகு வைத்து வைத்தியத்துக்கு வந்தவர்களின் பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இதை வராமல் தடுப்பதற்கென்று நிரூபணமான மருந்து இன்றுவரை இல்லை. மருந்தின் அளவைக் குறைப்பதோ, தள்ளிப்போடுவதோ, மாற்றுவதோதான் வழி. அதை டாக்டர் காலத்தோடு முடிவு செய்ய வேண்டுமென்றால் விஷயம் அவர் காதுக்குப் போக வேண்டும்.

அதனால் நான் அன்றாட வேலைகளை வைத்துக் கேட்கிறேன். ஜாக்கெட் ஹூக் மாட்ட முடிகிறதா? செருப்பு கழன்றால் காலுக்குத் தெரிகிறதா? பைக்குள் கைவிட்டு, கண்ணால் பார்க்காமலே சில்லறை எடுக்க முடிகிறதா?

மார்பகப் புற்றுநோய்க்கு வாராவாரம் பேக்லிடாக்செல் ஏற்ற வந்த ஒரு பூக்காரம்மாவும் "கை நல்லாத்தான் இருக்கு" என்றார். "பூ கட்டுறீங்களாம்மா?" என்று கேட்டதும் கொஞ்சம் தயங்கி, "இப்ப மருமகதான் கட்டுது" என்றார். ஊசி போடும் முன் கட்டுத்துணியிலிருந்து ஒரு நூலை உருவிக் கொடுத்து முடிச்சுப் போடச் சொன்னேன். விரலிடுக்கில் நூல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் அவரால் பிடிக்க முடிந்தது. சுருக்கை இழுக்கும் நேரத்தில் நூல் நழுவிவிட்டது. காலமெல்லாம் கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு மல்லி கட்டிய கை அது. டாக்டரிடம் சொன்னேன். சோதித்துப் பார்த்து டோஸைக் குறைத்தார்.

ஆக்ஸாலிபிளாட்டின் போடுபவர்களிடம் வேறொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். போட்ட சில நாட்களுக்கு ஃப்ரிட்ஜ் தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகி மூச்சே நின்றுவிடும் போலிருக்கும். தெரியாதவர்கள் நடுங்கிப்போகிறார்கள். சிகிச்சை முடிந்த பிறகும் 2, 3 மாதம் மதமதப்பு கூடிக்கொண்டே போகலாம். நோய் திரும்பிவிட்டதோ என்று வீடே கலங்கும்.

எரிச்சலும் வலியும் அதிகமானால் டூலாக்ஸெட்டின் எழுதுவார்கள். 2020-ல் அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் இந்த வலிக்குப் பரிந்துரைத்த ஒரே மருந்து அதுதான். மனச்சோர்வுக்கும் அதையே கொடுப்பதால், "எனக்கென்ன மனநோயா?" என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அவர்களிடம் உட்கார்ந்து பேச வேண்டும். 'நரம்புக்குச் சத்து' என்று தாங்களாகவே மாத்திரை வாங்குபவர்களிடம் இன்னும் அதிகமாகப் பேச வேண்டும். அசிட்டைல்-எல்-கார்னிடின் என்ற சத்து மாத்திரை, பேக்லிடாக்செல் வகை மருந்து எடுத்த பெண்களுக்கு நரம்புத் தொல்லையைக் கூட்டியதாகவே 2013-ல் வந்த ஆய்வு காட்டியது.

வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். எனும் மெத்தென்ற ரப்பர் செருப்பு போட வேண்டும், பின்வாரோடு. வெந்நீரின் சூட்டை வேறு யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் தலையாட்டுபவர்கள் கோயில் என்று வந்தால் கேட்க மாட்டார்கள். உடம்பு தேறினால் பால்குடம் எடுப்பதாக அம்மனிடம் வேண்டியிருப்பார்கள். சித்திரை வெயிலில், தார் ரோட்டில், வெறுங்காலோடு. வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. அந்த நம்பிக்கையில்தான் எத்தனையோ பேர் கீமோவின் கடைசிச் சுற்று வரை தாக்குப்பிடிக்கிறார்கள். "விடியக்காலையில எடுத்துருங்கம்மா, ரோடு சூடேறுறதுக்குள்ள வீட்டுக்கு வந்துருங்க. வந்ததும் ரெண்டு பாதத்தையும் மகளைப் பார்க்கச் சொல்லுங்க. கொப்புளம் இருந்தா, வலிக்கலையேன்னு விட்றாதீங்க, அன்னைக்கே இங்க வாங்க" என்பேன்.