கத்திரி வெயிலும் நாயின் அரிப்பும்

மே 4

இன்று அக்னி நட்சத்திரம் தொடங்குகிறது. நாய் வளர்க்கும் வீடுகளில் இனி ராத்திரியானால் ஒரே சத்தம்தான்: கழுத்துப்பட்டை வளையம் கிலுகிலுக்க, பின்னங்கால் தரையில் தட்டத் தட்டச் சொறிவது. "உடம்புச் சூடுங்க, மோர் ஊத்துங்க, சரியாயிடும்" என்பார்கள். அந்தச் 'சூடு' என்ற ஒரு சொல்லை நம்பித்தான் பல நாய்கள் மூன்று வாரம் கழித்து, தோல் யானைத்தோலான பிறகு டாக்டரிடம் வருகின்றன.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வேர்க்கும். மிச்சச் சூட்டை நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத் தணித்துக்கொள்ளும். ஆகவே வேர்க்குரு பவுடருக்கு இங்கே வேலை இல்லை. வெயில் செய்வது வேறு. உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் வேகமாகப் பெருகுகின்றன. அக்குள், தொடை இடுக்கு, விரலிடுக்கு போன்ற புழுக்கமான இடங்களில் ஈஸ்ட் என்ற பூஞ்சை வளர்கிறது. ஒவ்வாமை உள்ள நாய்க்கு இருந்த அரிப்பு இரண்டு மடங்காகிறது. எது காரணம் என்று பிடிக்காமல் மேலே எதைத் தடவினாலும் ஒரு ராத்திரி நிம்மதிதான்.

எங்கே சொறிகிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். வாலின் அடியிலும் பின்தொடையிலும் கடித்துக்கொண்டே இருந்தால் முதல் சந்தேகம் தெள்ளு. பாதத்தை நக்கி நக்கி வெள்ளை முடி செம்பட்டையாகி, காதின் உட்புறமும் அக்குளும் சிவந்திருந்தால் ஒவ்வாமை. காது ஓரமும் முழங்கை முட்டியும் தோலுரிந்து, வீட்டு மனிதர்களுக்கும் கையில் வயிற்றில் அரித்தால் சிரங்குப் பூச்சி. அது மனிதருக்கும் தொற்றும். தோல் கறுத்துத் தடித்து, பிசுபிசுவென்று புளித்த நாற்றம் அடித்தால் ஈஸ்ட். குட்டிக்குக் கண்ணைச் சுற்றி முடி கொட்டி, அரிப்பே இல்லாவிட்டால் அது டெமோடெக்ஸ் என்ற இன்னொரு பூச்சி. அதற்கு வைத்தியமே தனி.

மே 5

தெள்ளு கண்ணில் படவில்லை என்பதால் தெள்ளு இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. ஒரு வெள்ளை டிஷ்யூ தாளை நனைத்துத் தரையில் விரியுங்கள். நாயை அதன் மேல் நிறுத்தி, வாலடியில் முடியை எதிர்த்திசையில் தள்ளிப் பேன்சீப்பால் பத்துப் பதினைந்து இழுப்பு இழுங்கள். சீப்பில் சிக்கியதைத் தாளில் தட்டுங்கள். மிளகுத்தூள் போலக் கறுப்புத் துகள் விழும். சாதாரண மண்ணென்றால் ஈரத்தில் மண் நிறத்திலேயே கிடக்கும். தெள்ளின் எச்சமென்றால் அரை நிமிடத்தில் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் துருப்பிடித்தாற்போல் செம்பழுப்பு வட்டம் பரவும். அது நாயின் ரத்தம்தான். தெள்ளு குடித்துக் கழித்தது.

தெள்ளின் எச்சிலுக்கே ஒவ்வாமை உள்ள நாய்கள் உண்டு. அவற்றுக்கு ஒன்றிரண்டு கடி போதும், நாள்கணக்கில் அரிக்கும். "ஒரே ஒரு தெள்ளுதானே" என்று விட்டுவிட முடியாது.

மே 7

தெள்ளு மருந்தில் பெரும்பாலோர் தவறுவது கணக்கில். நாயின் மேல் ஓடுவது மொத்தத்தில் சிறு பங்குதான். முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் நாய் படுக்கும் சாக்கிலும், சோபா இடுக்கிலும், கட்டிலுக்கு அடியிலும் இருக்கின்றன. கூட்டுக்குள் இருக்கும் தெள்ளை எந்த மருந்தும் லேசில் தொடாது. ஆள் நடமாட்ட அதிர்வும் உடல் சூடும் பட்டால் வெளியே வரும். ஊருக்குப் போய்ப் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் காலில் ஏறுவது அதனால்தான்.

ஆகவே வீட்டிலுள்ள எல்லா நாய் பூனைக்கும் ஒரே நாளில் மருந்து. படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் அலசி, உச்சி வெயிலில் காயப்போடுங்கள். இதற்கு மட்டும் கத்திரி நமக்கு உதவி. தரை இடுக்கை இரண்டு வாரம் தினமும் கூட்டி, குப்பையை அன்றே வெளியேற்றுங்கள். மருந்தை மூன்று மாதமாவது விடாமல் தொடருங்கள்.

கழுத்தில் விடும் சொட்டு மருந்து தோலின் எண்ணெய்ப்பசை வழியாக உடம்பெங்கும் பரவுவது. அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் ஷாம்பு கூடாது. குளிப்பாட்டிவிட்டு அன்றே சொட்டு விட்டவர்கள்தான் "மருந்து கேக்கலை" என்கிறார்கள். முடியை விலக்கித் தோலில் விடுங்கள். முடி மேல் விட்டால் வீண். இன்னொன்று: பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனைக்கு விஷம். பூனை உள்ள வீட்டில் அட்டையைப் படிக்காமல் பிரிக்காதீர்கள்.

மே 9

நான்கு வயது கோல்டன் ரிட்ரீவர், கன்னத்தில் காதுக்குக் கீழே ஈரப்புண். முந்தாநாள் ராத்திரி எதுவும் இல்லை; காலையில் ரூபாய் நாணயம் அளவு முடி ஒட்டிக் கிடந்தது; மத்தியானம் பசை வழிந்தது. இந்தப் புண்ணின் குணமே அதுதான், சில மணி நேரத்தில் படரும். சொறியச் சொறியத் தோல் உரிகிறது, உரிந்த இடத்தில் கிருமி பெருகுகிறது, மறுபடி அரிக்கிறது. அடர்ந்த முடிக்குள் குளித்த ஈரம் காயாமல் நின்றாலோ, காதுக்குள் வலி இருந்தாலோ இந்த இடத்தில்தான் தொடங்கும். இதன் காதைத் தூக்கினால் உள்ளே பழுப்பு அழுக்கும் நாற்றமும். மூலம் அங்கே.

முதல் வேலை முடியை எடுப்பது. கத்தரிக்கோல் வேண்டாம், நாய் திமிறினால் தோல் மடிப்போடு வெட்டுப்படும். டிரிம்மரால் புண்ணின் விளிம்புக்கு வெளியே இரண்டு விரல் நல்ல தோல் தெரியும்வரை எடுங்கள். வெளியே நாணயமாகத் தெரிந்தது உள்ளே உள்ளங்கை அளவு இருந்தது. எப்போதும் இப்படித்தான். டிரிம்மர் பிளேடு சூடாகும். நிமிடத்துக்கு ஒருமுறை மணிக்கட்டில் தொட்டுப் பாருங்கள். மிகவும் வலிக்கும் புண் இது. சாதுவான நாயும் கடிக்கும், வாய்க்கட்டு போட்டுக்கொள்ளுங்கள். தொடவே விடாவிட்டால் மயக்க ஊசி போட்டு டாக்டர் செய்யட்டும்.

பிறகு கழுவுவது. 4 சதவீதக் குளோர்ஹெக்ஸிடின் கிருமிநாசினிக் கரைசல் என்றால் 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு 12 மில்லி போதும். 2 சதவீதம் என்றால் 25 மில்லி. பாட்டிலில் உள்ளதை அப்படியே ஊற்றினால் வெந்துபோன தோல் மேலும் வேகும். அது இல்லாவிட்டால் 10 சதவீதப் போவிடோன் அயோடினில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர், பார்க்க லைட்டான கட்டஞ்சாயா நிறத்தில் இருக்கும். செட்ரிமைடு சேர்ந்த கிருமிநாசினி வேண்டாம், நக்கினால் நாக்கு புண்ணாகும். காஸ் துணியை நனைத்து ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். உலர்ந்த காஸால் ஒற்றிக் காற்றில் விடுங்கள். கெட்டியான களிம்பு, மஞ்சள் பத்து, பவுடர் எதுவும் வேண்டாம். மேலே பொருக்குக் கட்டி அடியில் சீழ் நிற்கும். முதல் மூன்று நாள் காலை, மதியம், இரவு.

புண்ணைச் சொறியாதபடி கழுத்தைச் சுற்றி மாட்டும் பிளாஸ்டிக் கூம்பு கட்டாயம். "பாவம், சாப்பிட முடியலை" என்று கழற்றிய ஐந்து நிமிடத்தில் மூன்று நாள் வைத்தியம் போய்விடும். சாப்பாட்டுத் தட்டை உயரமாக வையுங்கள், பழகிவிடும்.

புண்ணைச் சுற்றித் தள்ளித் தள்ளிச் சின்னக் கொப்புளங்கள் இருந்தால் கிருமி ஆழமாக இறங்கியிருக்கிறது, மாத்திரை வேண்டும். முக்கியமாக, ஈ மொய்க்க விடாதீர்கள். இந்த வெயிலில் ஈ முட்டை ஒரே நாளில் புழுவாகிவிடும்.

மே 12

குளியல். ஈஸ்ட், சீழ்க்கொப்புளம் இரண்டுக்கும் 2 சதவீதக் குளோர்ஹெக்ஸிடினும் 2 சதவீத மைகோனசோலும் சேர்ந்த ஷாம்பு நல்லது. வாரம் இரண்டு முறை, மூன்று வாரம். பலன் ஷாம்புவில் பாதி, கடிகாரத்தில் பாதி. தோல்வரை நனைய ஐந்து நிமிடம், ஷாம்பு போட்டபின் பத்து நிமிடம். மொபைலில் டைமர் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நுரையோடு நாயைப் பிடித்து நிற்கும்போது மூன்று நிமிடமே பத்தாகத் தோன்றும். நோய் அதிகமுள்ள இடத்தில் முதலில் போட்டால் அங்கே நேரம் கூடக் கிடைக்கும். கண்ணில் படக் கூடாது, காதுக்குள் போகக் கூடாது.

மாடித் தொட்டித் தண்ணீர் மத்தியானம் கொதிக்கும். வெந்நீர் பட்ட தோல் சிவந்து அரிப்பு கூடும். காலை எட்டு மணிக்குள், கைக்கு இதமான தண்ணீரில் முடித்துவிடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் ஷாம்பு லேசில் போகாது. வழியும் தண்ணீர் தெளிந்தபின் இன்னும் இரண்டு வாளி ஊற்றுங்கள். தங்கிய ஷாம்புவே அரிப்பாகும். பிறகு அக்குள், தொடை இடுக்கு, ஒவ்வொரு விரலிடுக்கும், கழுத்துப்பட்டை படும் இடமும் துண்டால் ஒற்றி, ஃபேன் காற்றில் முழுக்கக் காயவிடுங்கள். பட்டையை ஈரத்தோடு திரும்பக் கட்டாதீர்கள்.

கிருமி இல்லாத வெறும் அரிப்புக்கு ஓட்ஸ் குளியல். சுவை சேர்க்காத சாதா ஓட்ஸை மிக்ஸியில் மாவாக அரைத்து, ஒரு ஸ்பூனை ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். பால் போலக் கலங்கி நின்றால் பதம். அடியில் தங்கினால் இன்னும் அரையுங்கள். ஒரு கப் மாவு, ஒரு பெரிய வாளித் தண்ணீர். பத்துப் பதினைந்து நிமிடம் கையால் அள்ளி ஊற்றிக்கொண்டே இருந்து, பிறகு அலசிவிடுங்கள். குளியலுக்கு நடுவே அரித்தால் குளிர்ந்த ஈரத்துணி ஐந்து நிமிடம், ஒரு நாளில் மூன்று நான்கு முறை. ஐஸ் நேராகத் தோலில் வேண்டாம்.

மே 16

ஈரச்சாக்கு. வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று அன்போடு செய்வதுதான், மனம் வருந்தச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாளெல்லாம் நனைந்த சாக்கில் படுக்கும் நாய்க்கு வயிறும் தொடையிடுக்கும் காய்வதே இல்லை. பத்து நாளில் வயிறு கறுத்து நாறும். உலர்ந்த சிமென்ட் தரை, நிழல், ஃபேன் போதும்.

தேங்காய் எண்ணெயும் வேப்பெண்ணெயும் தடவினால் முடியில் தூசி அப்பி, நாய் அதை நக்கி வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறது. சொறிக்கு மண்ணெண்ணெயும் பழைய இன்ஜின் ஆயிலும் பூசும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. தோல் வெந்து, நக்கியது குடலையும் சிறுநீரகத்தையும் கெடுத்து, நாயே போய்விடும். மெடிக்கல் ஷாப்பில் நமக்குத் தரும் படைக்களிம்பில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். ஒரு வாரம் அடங்கி, பூஞ்சை அகலமாகத் திரும்பும். வீட்டிலிருக்கும் சளி மாத்திரையை அரிப்புக்கென்று கொடுப்பது இன்னும் ஆபத்து. அதில் சூடோஎஃபெட்ரினோ பாராசிட்டமாலோ கலந்திருந்தால் நாய்க்கு விஷம்.

முடியை ஒட்ட மழித்தால் குளிர்ச்சி என்பதும் தவறு. மேல்முடி, அடிமுடி என்று இரட்டை முடி உள்ள நாய்க்கு அதுவே வெயில் தடுப்பு. சிக்கெடுத்து உதிர்முடியைச் சீவினால் போதும். வெள்ளை ராஜபாளையம் போல இளஞ்சிவப்புத் தோல் உள்ளவற்றுக்கு மூக்கும் வயிறும் வெந்துவிடும். பத்து மணி முதல் நாலு மணிவரை உள்ளே வையுங்கள்.

மே 20

உண்ணி. காதுக்குள், விரலிடுக்கில், கழுத்துப்பட்டைக்கு அடியில் தினமும் தேடுங்கள். ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெதுவாக இழுத்து, ஸ்பிரிட் பாட்டிலில் போடுங்கள். நகத்தால் நசுக்காதீர்கள், நெருப்பு வைக்காதீர்கள். ரத்தம் குடித்து முடித்த உண்ணி சுவரேறி விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அந்த விரிசலைச் சிமென்ட் வைத்து அடைப்பதும் வைத்தியம்தான். சோறு வைத்தால் திரும்பிப் படுத்துக்கொண்டு, ஈறு வெளுத்து, காய்ச்சலும் இருந்தால் அது உண்ணி பரப்பும் நோயாக இருக்கலாம்; தோலை விட்டுவிட்டு அன்றே ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். மூக்கில் ரத்தம் வந்தால் ராத்திரியென்றும் பார்க்க வேண்டாம்.

மே 24

பூச்சி இல்லை, கிருமி இல்லை, ஆனாலும் அரிக்கிறது என்றால் ஒவ்வாமை. வெயில் காலத்தில் மட்டும் வந்து போனால் மகரந்தம், புல். வருஷம் முழுக்க ஒரே அளவில் இருந்தால் சாப்பாட்டையும் சந்தேகிக்கலாம். கோழி, மாட்டிறைச்சி, பால் மூன்றும் பட்டியலில் முன்னால் நிற்பவை. அதைக் கண்டுபிடிக்க எட்டு வாரம் வேறு ஒரே உணவு. நடுவே ஒரு பிஸ்கட் கொடுத்தால் கணக்கு முதலிலிருந்து.

டாக்டர் தரும் ஸ்டீராய்டு மாத்திரை அரிப்பை ஒரே நாளில் அடக்கும். ஆனால் தாகமும் மூச்சிரைப்பும் கூடும், அதனால் இந்த வெயிலில் தண்ணீர்ப் பாத்திரம் வற்றக் கூடாது. பல நாள் கொடுத்ததைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. ஒக்ளாசிடினிப் மாத்திரையில் அந்தத் தொல்லை குறைவு, விலை அதிகம். ஒரு வயதுக்குட்பட்ட நாய்க்குக் கொடுப்பதில்லை. மீன் எண்ணெய் நல்லதுதான், பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும்.

மே 29

கத்திரி முடிந்தது. ரிட்ரீவரின் கன்னத்தில் புண் ஆறி, ரோஜா நிறத் தோலில் குச்சி குச்சியாக முடி துளிர்க்கிறது. காது மருந்து இன்னும் ஒரு வாரம் உண்டு. கூம்பைக் கழற்றியதும் அது அந்தக் கன்னத்தைத் தரையில் தேய்க்கவில்லை. நேராகத் தண்ணீர்த் தட்டுக்குப் போனது.

தெள்ளுக்கு மருந்து போட்ட வீட்டில் "மறுபடி வந்துடுச்சு" என்கிறார்கள். மூன்றாவது வாரத்தில் இது வரும். பழைய கூட்டிலிருந்து வெளியே வந்தவை, மருந்து பட்டுச் சாகும். மருந்தை மாற்ற வேண்டாம். அடுத்த தவணை ஜூன் 7. காலண்டரில் எழுதியாகிவிட்டது, பூனைக்கும் சேர்த்து.