25 ஓம்

1994இல் கோவையில் ஒரு நூற்பாலையின் கணக்கு அலுவலகத்தில் கணினிப் பராமரிப்புப் பணியில் சேர்ந்தபோது, அங்கிருந்த 18 கணினிகளையும் பொதுக் கோப்புகளை வைத்திருந்த நாவெல் சர்வரையும் ஒரே ஒரு கறுப்புக் கேபிள்தான் இணைத்திருந்தது. ஒவ்வொரு கணினியின் பின்புறமும் ஒரு ‘டி’ கனெக்டரைத் தொட்டு, மேசைக்கு மேசை சென்று, இரு முனைகளிலும் டெர்மினேட்டர் எனப்படும் 50 ஓம் மின்தடையில் அது முடியும். ஈதர்நெட் என்னும் கணினி வலையமைப்பு முறையில் 10பேஸ்2 என்று பெயர் கொண்ட அந்த வகையில் ஒரு கேபிள் தொடர் 185 மீட்டரைத் தாண்டக் கூடாது. 30 இணைப்புகளுக்கு மேல் சேர்க்கவும் கூடாது. நொடிக்கு 10 மெகாபிட் என்ற வேகம் அத்தனை பேருக்கும் பொது.

வேகத்தைப் போலவே பழுதும் பொதுவாக இருந்தது. மார்ச் மாதக் கணக்கு முடிப்பின்போது ஒரு பிற்பகலில் எல்லாத் திரைகளும் ஒன்றாக நின்றுவிட்டன. பதினெட்டு மேசைகளையும் வரிசையாகப் பார்த்துவிடத் தொடங்கிய என்னை மூத்த தொழில்நுட்பர் நிறுத்தி, “நடுவுல போய் ரெண்டாப் பிரி, தம்பி” என்றார். ஒன்பதாவது மேசையில் கேபிளைக் கழற்றி, இருபுறமும் தனித்தனியே மல்டிமீட்டரை வைக்கச் சொன்னார். முனையிலுள்ள டெர்மினேட்டர் தெரிந்து 50 ஓம் காட்டும் பக்கம் நல்லது. எல்லையற்ற தடை காட்டும் பக்கத்தில் எங்கோ அறுந்திருக்கிறது. அந்தப் பக்கத்தை மறுபடி இரண்டாகப் பிரிக்க வேண்டும். நான்காவது அளவீட்டில் இடம் தெரிந்துவிட்டது: யாரோ மேசையை நகர்த்தியதில் கனெக்டருக்குள் நடுக்கம்பி விலகியிருந்தது. சரிசெய்து முழுவதையும் சேர்த்தபின் எந்த இடத்தில் அளந்தாலும் ஏறத்தாழ 25 ஓம் வர வேண்டும்; இரண்டு டெர்மினேட்டர்களும் இணையாகத் தெரிவதே அதற்குக் காரணம். அந்த எண்ணை மீட்டரில் கண்டபின்புதான் அன்று எனக்கு மூச்சு வந்தது.

ஒரு கம்பி விலகினால் அதற்கு அப்பால் உள்ளவர்கள் மட்டும்தானே துண்டிக்கப்பட வேண்டும் என்று அன்று கேட்டேன். அறுந்த இடம் இரு பக்கத்துக்கும் தடை இல்லாத முனையாகிவிடுவதால் மின்குறிகை சுவரில் பட்ட பந்தைப்போலத் திரும்பி வந்து, பின்னால் வரும் குறிகையோடு கலந்துவிடும். கணினிகள் அதை மோதல், அதாவது இருவர் ஒரே நேரத்தில் அனுப்பியது, என்றே எடுத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் பின்வாங்கும் என்று அவர் விளக்கினார். ஆகவே அறுந்த இடத்தின் இரு பக்கங்களும் முடங்கின.

அந்தப் பின்வாங்கலின் வரலாற்றைப் பின்னர் தேடிப் படித்தேன். தீவுகளுக்கிடையே கம்பி இழுப்பது எளிதல்லாத ஹவாயில், நார்மன் ஆப்ராம்சனின் குழு 1971இல் அலோஹா என்னும் வானொலி வலையமைப்பை இயக்கியது. அங்கே செய்தி உள்ளவர் உடனே அனுப்பலாம். பதில் வராவிட்டால் சிறிது நேரம் கழித்து மறுபடி அனுப்ப வேண்டும். அதை ஆராய்ந்த ராபர்ட் மெட்காஃப், 1973 மே 22இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் எழுதிய குறிப்பில் ஈதர்நெட்டை முன்மொழிந்தார். அவரும் டேவிட் பாக்ஸும் உருவாக்கிய முறையில் கணினி முதலில் கம்பியைக் கவனிக்கும். அமைதி இருந்தால் பேசும். மோதல் தெரிந்தால் உடனே நிறுத்தி, தற்செயலாகத் தேர்ந்த ஒரு நேரம் காத்திருக்கும். மோதல் தொடரத் தொடரக் காத்திருப்பின் எல்லை இரட்டிப்பாகும். மேற்பார்வையாளர் எவரும் இல்லாமல் ஒரே கம்பியை இத்தனை கணினிகள் பங்கிட்டுக்கொள்ள வழிசெய்த இந்த ஏற்பாட்டை நான் இன்றும் வியக்கிறேன்.

1998இல் எங்கள் அலுவலகம், ஒவ்வொரு மேசையிலிருந்தும் தனிக் கம்பி வந்து சேரும் ஹப் என்னும் பெட்டிக்கும் முறுக்குக் கம்பிக்கும் மாறியது. ஒரு மேசையின் பழுது அந்த மேசையோடு நின்றது; வேலை பெரிதும் எளிதாயிற்று என்பதில் ஐயமில்லை. பின்னர் ஹப்பின் இடத்துக்கு வந்த ஸ்விட்சுகளில் இரு திசைகளிலும் ஒரே நேரத்தில் தரவு செல்வதால் மோதலே இல்லாமல் போனது.

ஆயினும் மோதலுக்காக வகுத்த அளவு மறையவில்லை. தொலைவிலுள்ள முனையில் நிகழும் மோதலின் செய்தி திரும்பி வரும்வரை அனுப்புபவர் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக, ஒரு சட்டகம், அதாவது ஒரு தடவையில் அனுப்பும் தரவுப் பொதி, குறைந்தது 64 பைட் இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். 10 மெகாபிட் வேகத்தில் அதற்கு 51.2 மைக்ரோநொடி ஆகும். இன்றைய கிகாபிட் ஸ்விட்சிலும் இன்னொரு கணினியின் வன்பொருள் முகவரியைக் கேட்கும் ஓர் ஏஆர்பி கேள்வியைப் பிடித்துப் பார்க்கிறேன்: தலைப்பு 14 பைட், செய்தி 28 பைட், சரிபார்ப்பு 4 பைட். மீதமுள்ள 18 பைட்டும் பெரும்பாலும் வெறும் சுழியங்கள். 64ஐ எட்டுவதற்காக மட்டுமே அவை பயணம் செய்கின்றன.