நிலவு எழும் முன்பே ஏறத் தொடங்கினோம்

முன்கூட்டியே நாள் குறித்துச் செல்லும் மலையேற்றத்தில், மனம் வீட்டில் இருந்தபடியே பாதித் தொலைவை நடந்து முடித்துவிடுகிறது. படங்களைப் பார்த்திருப்போம், உச்சியிலிருந்து என்னென்ன தெரியும் என்று விசாரித்திருப்போம், சூரிய உதயத்துக்குள் மேலே போய்ச் சேர வேண்டும் என்ற கணக்கும் கூடவே வரும். அந்தி வேளையில் தோன்றி, அடுத்த அரை மணிக்குள் புறப்பட்டுவிடுகிற இரவு நடையில் இவற்றுக்கெல்லாம் இடமே இல்லை. கடந்த பிப்ரவரியில், பௌர்ணமி கழிந்து இரண்டாம் நாள் மாலை, நண்பரும் நானும் அப்படித்தான் புறப்பட்டோம். வானில் துணுக்கு மேகம்கூட இல்லை என்பதைத் தவிர எங்களுக்கு வேறு காரணம் எதுவும் தேவைப்படவில்லை.

ஏறவிருந்தது பகலில் பலமுறை ஏறி இறங்கிய குன்று. அதன் திருப்பங்கள் எல்லாம் காலுக்கே தெரியும். இரவில் நுழையத் தடை விதிக்கப்பட்ட காட்டுப் பகுதியும் அல்ல. நினைத்தவுடன் கிளம்பும் துணிவை இந்தப் பழக்கம்தான் தருகிறது. முன்பின் அறியாத மலையில் இருட்டில் கால் வைக்கச் சொல்லி நான் யாரையும் தூண்ட மாட்டேன். எந்த வழியாகப் போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் சொல்லிவிட்டு, தண்ணீரும் கம்பளிச் சட்டையும் ஆளுக்கொரு டார்ச்சும் எடுத்துக்கொண்டதோடு ஆயத்தம் முடிந்தது.

பௌர்ணமியன்றே போயிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். முழுநிலவு சூரியன் மறையும் நேரத்தை ஒட்டியே எழுந்துவிடுவதால், அன்று இருட்டு என்பதே நமக்கு வாய்ப்பதில்லை. அதன்பின் நிலவு நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக எழுகிறது. ஆகவே இரண்டாம் நாளில் முதலில் நல்ல இருட்டும், பிறகு ஏறக்குறைய முழு நிலவொளியும் ஒரே நடையில் கிடைத்துவிடுகின்றன. இதற்காகவே எனக்கு இந்த நாள் மிகவும் பிடிக்கும்.

அடிவாரத்தில் டார்ச்சை அணைத்துவிட்டுச் சிறிது நேரம் அசையாமல் நின்றோம். இரவு நடையின் தலையாய இன்பம் இந்த நிற்றலில்தான் தொடங்குகிறது என்பேன். முதலில் எதுவுமே தெரியவில்லை. பிறகு பாதை மட்டும் சாம்பல் நிறத்தில் வெளிப்பட்டது. அதன்பின் பாதையோரத்துப் புல், அப்புறம் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக உருப்பெற்றன. விழித்திரையில் நிறம் காட்டும் கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம் இருக்கின்றன. மங்கிய ஒளியில் வேலை செய்யும் குச்சி செல்களோ 9 கோடிக்கும் மேல். வெளிச்சத்தில் சிதைந்துபோன ரோடாப்சின் என்னும் நிறமி குச்சி செல்களில் மீண்டும் நிறைவதற்கு 30 நிமிடங்களுக்கு மேல் பிடிக்கிறது. இடையில் ஒருமுறை கைப்பேசித் திரையைப் பார்த்துவிட்டால் அந்தக் காத்திருப்பு முழுவதும் வீணாகிவிடும். எனவே இருவரும் கைப்பேசிகளைப் பைக்குள் போட்டு மூடிவிட்டோம்.

நேராக உற்றுப் பார்த்தால் மறைந்துபோகும் பொருள், சற்றே பக்கவாட்டில் பார்வையைத் திருப்பினால் தெரியும் என்பது இருட்டு கற்றுத்தரும் அழகான பாடம். பார்வையின் நடுமையத்தில் குச்சி செல்கள் இல்லாததே இதற்குக் காரணம். வானத்தில் இதைச் சோதித்துப் பார்த்தோம். செந்நிறத் திருவாதிரைக்குக் கீழே வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களையும், அவற்றை அடுத்து மங்கலான புகைபோல் தெரியும் ஓரியன் நெபுலா என்னும் வாயு மேகத்தையும் தேடினோம். உற்றுப் பார்க்கும்போது நழுவிய அந்தப் புகை, அதன் ஓரத்தைப் பார்த்ததும் விரிந்து நின்றது. ஆயிரம் ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருந்து புறப்பட்ட ஒளியை வெறும் கண்ணால் வாங்கிக்கொண்டு நின்ற அந்தக் கணத்தில் எனக்கு மெய்சிலிர்த்தது.

வழியில் ஓர் ஓடைப் பள்ளத்தைக் கடக்க வேண்டும். அதில் இறங்கும்போது குளிர் முதலில் கணுக்காலிலும், பிறகு முழங்காலிலும், கடைசியாக முகத்திலும் ஏறியது. மறுகரையில் ஏறியபோது தலைகீழ் வரிசையில் இறங்கிப்போனது. இரவில் நிலம் வெப்பத்தை இழக்க, அதை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துச் சரிவில் வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. பகலில் எத்தனையோ முறை கடந்த பள்ளந்தான். அங்கே காற்றுக்கு இப்படி ஒரு கரை உண்டு என்பதை அன்றுதான் உடம்பு அறிந்தது.

உச்சிக்குச் சற்றுக் கீழே நடந்துகொண்டிருந்தபோது கிழக்கில் நிலவு எழுந்தது. அடிவானத்தின் தடித்த காற்று நீல ஒளியைச் சிதறடித்துவிடுவதால் முதலில் செம்மையாகவும், மேலே வரவரப் பொன்னிறமாகவும், பிறகு வெண்மையாகவும் மாறியது. சூரிய ஒளியில் ஏறத்தாழ 4 லட்சத்தில் ஒரு பங்குதான் முழுநிலவின் ஒளி. அன்றைய நிலவு அதையும்விடச் சற்றுக் குறைவு. ஆனாலும் எங்கள் நிழல்கள் பாறைமேல் தெளிவாக விழுந்தன. நண்பரின் சிவப்புக் கம்பளிச் சட்டை கறுப்பாகவே தெரிய, அவர் கையிலிருந்த வெளிர்நீலத் தண்ணீர்ப் புட்டி பளிச்சென்று மின்னியது. குச்சி செல்கள் சிவப்பை ஏறக்குறைய உணர்வதே இல்லை.

உச்சியில் பேச்சு தானாகவே குறைந்தது. தரையருகே குளிர்ந்த காற்றும் அதன்மேல் வெதுவெதுப்பான காற்றும் அடுக்காக நிற்கும் இரவுகளில் ஒலி மேல்நோக்கிப் போய்விடாமல் தரையை நோக்கி வளையும். எங்கோ தொலைவில் குரைத்த நாயின் குரல்கூட அருகிலிருந்து வருவதுபோல் கேட்டது. நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

இறங்கும்போது மரநிழலில் டார்ச் தேவைப்பட்டது. அதை நெற்றியோரம் வைத்துப் பார்த்தால் புல்வெளியெங்கும் பச்சையும் வெள்ளையுமாகச் சிறு பொறிகள் மினுங்கின. ஒன்றைப் பின்தொடர்ந்து குனிந்து பார்த்தபோது, காய்ந்த இலைமேல் கால்களை அகல ஊன்றி ஓர் ஓநாய்ச் சிலந்தி நின்றது. அதன் விழிக்குள் இருக்கும் பிரதிபலிப்புப் படலம், ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. டார்ச்சை இடுப்பளவுக்குத் தாழ்த்தியதும் சிலந்திகள் அனைத்தும் மறைந்தன; மாறாக, ஒளி பக்கவாட்டில் விழுந்ததால் ஒவ்வொரு கல்லுக்கும் நிழல் கிடைத்து, பாதையின் மேடுபள்ளம் துலங்கியது. நண்பருக்கு இது புதிது. கல் நிறைந்த இடங்களில் டார்ச்சைத் தாழ்த்துவதும், புல்வெளி வந்ததும் நெற்றிக்கு உயர்த்துவதுமாக, சாலையை அடையும்வரை சிலந்திகளை எனக்குக் காட்டிக்கொண்டே வந்தார்.