பச்சையாக வந்த அறிக்கை

இன்று மதியம், சர்வரின் பாதுகாப்பு அமைப்புகளைச் சோதிக்கும் ஓப்பன்ஸ்கேப் கருவியின் அறிக்கை முழுக்கப் பச்சை. டெபியன் லினக்ஸுக்கான விதிகள் எல்லாவற்றிலும் தேர்ச்சி.

அப்புறம் என் கைப்பேசியில், வெளி இணையத்திலிருந்து, அதே சர்வரின் 8006 போர்ட்டைத் தட்டிப் பார்த்தேன். மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் ப்ராக்ஸ்மாக்ஸ் மென்பொருளின் வாசல் அது. லாகின் பக்கம் வந்து நின்றது. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கு, காவலுக்குக் கடவுச்சொல் மட்டுமே. உள்ளே 11 மெய்நிகர் கணினிகள்.

பதறிவிட்டேன்.

ஸ்கேன் பார்த்தது அடியில் இருக்கும் லினக்ஸை மட்டும்தான். அதன் மேல் ஓடும் ப்ராக்ஸ்மாக்ஸ் அடுக்கை யாரும் கேட்கவே இல்லை.

2015-இல் வெளியான ‘வெனம்’ என்ற பாதுகாப்பு ஓட்டை நினைவுக்கு வந்தது. மெய்நிகர் கணினிகளை இயக்கும் க்யூஎமு மென்பொருளில் ஃபிளாப்பி டிரைவுக்கான ஓட்டை நிரல், 2004 முதல் அங்கேயே கிடந்தது. அதன் வழியே ஒரு மெய்நிகர் கணினியிலிருந்து அதைத் தாங்கும் ஹோஸ்ட் சர்வருக்கே தாவ வழியிருந்தது. ஃபிளாப்பியை நீக்கியவர்களிடமும் அந்த நிரல் உயிரோடுதான் இருந்தது!

8006-ஐ விபிஎன்னுக்குள் அடைத்துவிட்டேன். ரூட்டுக்கு இரண்டாம் சரிபார்ப்பும் போட்டாயிற்று. நாளை அந்த 11-ஐயும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும்.