பட்டிக்குள் ஒரு பழைய பேப்பர்

அப்பாவின் டாடா 407 தூத்துக்குடியில் பதினெட்டு வருடம் மீன் லோடு அடித்த வண்டி. ஐஸ் உருகி வழியும் உப்புத் தண்ணீர், போதாததற்குக் கடல் காற்று. டிரைவர் பக்கம் கால் வைத்து ஏறும் இடத்தில் பெயின்ட் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு உப்பியிருந்தது. சுரண்டி, பட்டி (பள்ளத்தை நிரப்பிச் சமமாக்கும் பசை) போட்டு, டச்சப் அடித்தால் ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும் என்றுதான் உட்கார்ந்தேன்.

ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டினால் 'டங்' என்று வரவேண்டிய இடத்தில் 'டொப்' என்றது. காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. ஒரு ஜாண் நீளத்துக்குத் தகடே இல்லை, அத்தனையும் பட்டி. உடைத்தால் உள்ளே தினசரி பேப்பரைச் சுருட்டித் திணித்திருக்கிறார்கள்! எந்தப் பட்டறை என்று தெரியும், சொல்லப்போவதில்லை. அந்தப் பேப்பர் இத்தனை வருடமும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே சுற்றியிருந்த நல்ல தகட்டையும் தின்றிருக்கிறது.

சரி, நமக்குத் தெரிந்த டிங்கர், வண்டித் தகடு வேலை பார்க்கும் அண்ணாச்சியைக் கூட்டி வந்தேன். குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, துருவில்லாத வெள்ளைத் தகடு தெரியுற வரைக்கும் வெட்டு. பாவம் பாத்தேன்னா அடுத்த மழைக்கு மறுபடியும் என்னைத் தேடி வருவே" என்றார். கிரைண்டரில் கட்டிங் வீலைப் போட்டு வெட்ட வெட்ட ஓட்டை வளர்ந்துகொண்டே போய், ஒன்றரை அடியில் நின்றது. அந்தப் படிக்கட்டு உள்ளே கூடான பெட்டி. அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகளைச் சேறு அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளேயே நின்று அரிக்கும். வெளியே பெயின்ட் உப்பும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும்.

காலண்டர் அட்டையை வெட்டி அளவு பார்த்து, அதை வைத்து 18 கேஜ் (சுமார் 1.2 மி.மீ. தடிமன்) இரும்புத் தகட்டில் கோடு போட்டோம். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு போட்டால் துருவே வராதே என்றார் பக்கத்துக் கடைக்காரர். வெல்டிங் சூட்டில் அதன் துத்தநாகம் வெள்ளைப் புகையாகக் கிளம்பும், அதைச் சுவாசித்தால் ராத்திரி காய்ச்சல் அடிக்கும். வேண்டாம் என்று விட்டோம். பழைய தகட்டின் மேலேயே புதுசை வைத்து ஒட்டுவது சுலபம்தான், ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஈரம் போய் உட்காரும் என்பதால் விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பற்றவைப்பது என்று முடிவு.

பேட்டரி டெர்மினலைக் கழற்றி, சீட்டையும் ரப்பர் மேட்டையும் வெளியே எடுத்து, ஈரச் சாக்கும் ஒரு வாளித் தண்ணீரும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என்னுடைய சின்ன ஆர்க் மெஷினில் 12 நம்பர் வெல்டிங் ராடைப் போட்டு ஆரம்பித்தேன். இரண்டாவது நிமிடமே தகடு உருகிப் புதிதாக ஒரு துளை, அதை அடைக்கப் போய் இன்னொன்று. அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் பட்டறைக்குப் போய் சிஓடூ மெஷினை, அதாவது கார்பன் டை ஆக்சைடு வாயுவோடு மெல்லிய கம்பியைத் தானே ஊட்டும் வெல்டிங் மெஷினைக் கொண்டுவந்தார். 0.8 மி.மீ. கம்பி. இந்த மூலையில் ஒரு பொட்டு, எதிர் மூலையில் ஒரு பொட்டு, கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகு நடுவில் ஒன்று. ஒரே இழுப்பாக இழுத்தால் தகடு அப்பளம் மாதிரி நெளிந்துவிடுமாம். ஒன்றரை அடிக்கு இரண்டு மணி நேரம்! இடையில் இரண்டு டீ.

அப்புறம் கிரைண்டிங், துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பூச்சு, மூட்டுகளில் சீலன்ட். பெட்டிக்குள்ளே சூட்டில் பெயின்ட் எரிந்துபோயிருக்கும், பிரஷ் போகாது. அதனால் பழைய எண்ணெயில் கிரீஸைக் கரைத்துத் துளை வழியே பீய்ச்சினோம். பட்டி இந்த முறையும் போட்டோம்தான், ஆனால் வெல்டிங் தழும்பை மறைக்கிற அளவுக்கு மெல்லிசாக.

பெயின்ட் காய்ந்ததும் கதவைத் திறந்து ஒரு குடம் தண்ணீரைப் படியில் ஊற்றினேன். பின்பக்கத் துளை வழியாக ஒழுகியது, முன்பக்கத் துளையில் சொட்டுக்கூட வரவில்லை. கம்பி விட்டுக் குத்தியதும் கிரீஸோடு ஒரு பிடி சேறு வந்து விழுந்தது. கிளீனர் பக்கத்துப் படியில் இன்னும் காந்தம் வைத்துப் பார்க்கவில்லை.