மணிப்பூர் காப்பி

2023 மே 6, சனி

மணிப்பூரில் மைதேயி, குக்கி சமூகங்களுக்கு இடையே வெடித்த கலவரம் பற்றி செய்தி நிறுவனம் அனுப்பிய காப்பி ராத்திரிதான் எங்கள் பத்திரிகைக்கு வந்தது. இம்பால் பள்ளத்தாக்கில் பெரும்பாலும் மைதேயிகள், சுற்றியுள்ள மலையில் குக்கிகள். பலி 54. எந்தப் பிணவறையில் எத்தனை உடல் என்று பிரித்துக் கொடுத்திருந்தார்கள்: சுராசந்த்பூர் மாவட்ட மருத்துவமனையில் 16, இம்பால் கிழக்கில் ஜவஹர்லால் நேரு மருத்துவக் கழகத்தில் 15, லாம்பேலில் ரிம்ஸ் மருத்துவமனையில் 23. கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. இடம் போதவில்லை என்று அந்த வரியை வெட்டப் பார்த்தார்கள். விடவில்லை.

"மொத்தம் போட்டா போதாதா?" என்றார் செய்தி ஆசிரியர். போதாது சார் என்றேன். மூன்றாம் தேதி மலை மாவட்டங்களில் பேரணி நடந்த அன்றே நெட்டை நிறுத்திவிட்டார்கள். இது மூன்று மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த உடல்களின் கணக்கு. எரிந்த கிராமத்தில் கிடப்பவர்கள் இதில் இல்லை. எங்கே எண்ணியது என்று சொல்லிவிட்டால், நாளைக்கு எண் ஏறும்போது ஏன் ஏறியது என்று வாசகருக்குப் புரியும்.

மே 8

முதலமைச்சர் பிரேன் சிங் சுமார் 60 பேர் என்கிறார். 'சுமார்' என்பதையும் சேர்த்தே போட்டோம்.

மோரே தமிழர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு நிறைய போன். பர்மாவிலிருந்து வந்து அந்த எல்லை ஊரில் தங்கிவிட்டவர்கள், கேட்பது நியாயம்தான். தனிச் செய்தியாகப் போடலாம். 60 சாவுக்கு மேலே தலைப்பாக ஏற்ற வேண்டாம் என்றேன், ஏற்கவில்லை.

ஜூன் 14, புதன்

காமென்லோக்கில் 9 பேர். சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் மைதேயிகள். காப்பியில் ஊரும் எண்ணும் மட்டும்.

போன வாரம் நாங்கள் போட்டது கண் முன்னே இருக்கிறது. 4ஆம் தேதி, இம்பால் மேற்கில், மருத்துவமனைக்குப் போன ஆம்புலன்ஸை மறித்து எரித்தார்கள். தலையில் குண்டடி பட்ட சிறுவன், அவன் அம்மா, கூடப் போன உறவுக்காரப் பெண். அதைப் பாதிப் பக்கத்துக்கு எழுதினோம், எழுதத்தான் வேண்டும். இன்றைய ஒன்பது பேருக்கும் வீடு உண்டு. வயது, தொழில், யார் தேடி வந்தார்கள் என்று கேட்டு வாங்கச் சொல்லி குவஹாட்டி நிருபரைப் பிடித்தேன். ஊர்க்காவலுக்கென்று இரண்டு தரப்பிலும் துப்பாக்கியோடு ஆட்கள் நிற்கும் பகுதி அது. யார் காவலுக்கு நின்றார், யார் சும்மா இருந்தார் என்று தெரியும் வரை 'அப்பாவிகள்' என்ற சொல் வேண்டாம் என்று டெஸ்கில் இருந்த தம்பியிடம் சொன்னேன். நாளைக்குக் குக்கி கிராமத்திலிருந்து இதே மாதிரி காப்பி வந்தாலும் இதுதான்.

எந்தச் சமூகம் என்று எழுதாமல் 'இரு தரப்பு மோதலில் பலி' என்று முடிப்பது நம் ஊர்ப் பழக்கம். இந்தக் கலவரத்தில் அது உண்மையை மறைக்கும். செத்தவர்களில் குக்கிகள்தான் கூடுதல். எழுதத்தான் வேண்டும். ஆனால் ஆம்புலன்ஸில் எரிந்த அந்த அம்மா பிறப்பால் மைதேயி, கணவர் குக்கி. அவரை எந்தப் பத்தியில் போடுவது? கட்டம் போட்டு ஸ்கோர் மாதிரி வெளியிடும் யோசனையை இதைச் சொல்லித்தான் நிறுத்தினேன்.

ஜூலை 22

குக்கிப் பெண்களை ஒரு கும்பல் நிர்வாணமாக நடத்திச் சென்ற காணொளி வெளியானது 19ஆம் தேதி. சம்பவம் மே 4. மே 18லேயே சைகுல் காவல் நிலையத்தில் புகார் பதிவாகியிருக்கிறது. அதில் இரண்டு ஆண்கள் கொல்லப்பட்டதும் இருக்கிறது. இத்தனை நாளுக்குப் பிறகு நாடு அதைக் கேட்க ஒரு காணொளி வேண்டியிருந்தது என்பது எனக்கு ஆறவே இல்லை.

அன்று கும்பலைக் கிளப்பியதில் ஒரு படத்துக்கும் பங்கு உண்டு. பிளாஸ்டிக்கில் சுற்றிய ஒரு பெண்ணின் உடல். சுராசந்த்பூரில் கொல்லப்பட்ட மைதேயி மாணவி என்று பரப்பினார்கள். அது 2022இல் டெல்லிப் பக்கம் நடந்த வேறு கொலை. வரும் சாவுப் படம் எதையும் இடம், நாள் உறுதியாகாமல் பக்கத்தில் ஏற்றக் கூடாது, போட்டி பத்திரிகை போட்டாலும் சரி.

செப்டம்பர் 5

பத்திரிகை ஆசிரியர்களின் அமைப்பான எடிட்டர்ஸ் கில்டின் அறிக்கை: உள்ளூர்ப் பத்திரிகைகள் ஒரு பக்கம் சாய்ந்தன, நெட் தடை அதை இன்னும் மோசமாக்கியது. அறிக்கையிலேயே ஒரு படக்குறிப்பு தவறு. எரிந்த வனத்துறை அலுவலகத்தைக் குக்கி வீடு என்று போட்டுவிட்டார்கள். மறுநாளே திருத்தினார்கள். அப்படியும் கில்ட் மேல் மணிப்பூர் போலீஸ் வழக்குப் போட்டிருக்கிறது. எனக்குக் கோபம்தான்.

செப்டம்பர் 16

காவல்துறை முழுக் கணக்கு தந்திருக்கிறது. இறந்தவர்கள் 175, காயம் 1,108, காணாமல் போனவர்கள் 32. யாரும் வாங்கிப் போகாத உடல்கள் 96. குக்கிக் குடும்பம் இம்பாலுக்குள் வர முடியாது, மைதேயிக் குடும்பம் மலைக்குப் போக முடியாது. சொந்தக்காரர் இருந்தும் உடல் கிடக்கிறது. இந்தக் காரணத்தை எழுதாமல் 'உரிமை கோரப்படாத' என்று மட்டும் போட்டால் நாதியற்றவர்கள் என்று ஆகிவிடும். எழுதினோம்.

டிசம்பர் 20

சுராசந்த்பூரில் இன்று 87 பேரை அடக்கம் செய்தார்கள். போன வாரம்தான் இம்பாலிலிருந்து 60 குக்கி உடல்களை வான்வழியாக மலைக்கு அனுப்பினார்கள். சுராசந்த்பூரிலிருந்து 4 மைதேயி உடல்கள் இம்பாலுக்குப் போயின. அந்த நான்கையும் இன்றைய செய்தியின் இரண்டாம் பத்தியில் சேர்த்தேன்.

காணாமல் போன 32 பேர் எந்தப் பலி எண்ணிக்கையிலும் இல்லை. அவர்கள் என்ன ஆனார்கள் என்று நாளை காவல்துறையிடம் கேட்கச் சொல்லி நிருபருக்கு மெயில் போட்டிருக்கிறேன்.